திமிங்கிலம் நம்ம மாட்டுக்குப் பங்காளி

(கிராம வேளாண் ஒலிபரப்பில் மரக்காணம் பகுதி விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் விதை நேர்த்தி, உர அளவு, பூச்சித் தாக்குதல் என்று பேசுவோம். இன்று கொஞ்சம் வேறு வழியாகப் போவோம். நம்ம தொழுவத்தில் கட்டியிருக்கிற மாடு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதற்குப் பங்காளிகள் யார் யார் என்று பார்க்கப் போகிறோம். "மாட்டின் வம்சாவளி தெரிந்து என்ன ஆகப் போகிறது, பால் கூடுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பால் கூடுகிறதோ இல்லையோ, இருக்கிற பால் குறையாமல் காப்பாற்ற இந்த விஷயம் உதவும். எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

குளம்பை எண்ணிப் பாருங்கள்

சாயந்திரம் மாடு மேய்ச்சலிலிருந்து திரும்பியதும் அதன் காலைக் கவனியுங்கள். குளம்பு நடுவில் பிளந்து இரண்டாக இருக்கும். அதற்குப் பின்னால் சற்று மேலே, தரையில் படாமல், இரண்டு சின்னக் குளம்புகள் இருக்கும். ஆக மொத்தம் நான்கு விரல். குளம்பு என்று நாம் சொல்வது வேறொன்றுமில்லை, விரல் நுனியில் வளர்ந்து தடித்த நகம்தான். நாம் பாதம் பதித்து நடக்கிறோம். மாடு விரல் நுனியில் நின்று நடக்கிறது.

ஆடு, செம்மறி, எருமை, பன்றி, மான், ஒட்டகம் எல்லாம் இப்படி இரட்டைப்படைக் கணக்குதான். குதிரைக்கும் கழுதைக்கும் ஒற்றைக் குளம்பு. காண்டாமிருகத்துக்கு மூன்று. ஆகவே குளம்புள்ள பிராணிகளை விஞ்ஞானிகள் இரட்டைப்படைக் குடும்பம், ஒற்றைப்படைக் குடும்பம் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இது ஏதோ புத்தகக் கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நோய் வரும்போது இந்தக் கணக்கு நம்ம தொழுவத்துக்குள்ளேயே வந்து நிற்கும்.

இரண்டு குடும்பத்தின் பழைய கதையும் நம்ம இந்திய மண்ணில் கிடைத்திருக்கிறது என்பதுதான் பெருமைக்குரிய சேதி. குஜராத்தில் சூரத் நகருக்குப் பக்கத்தில் வஸ்தான் என்ற இடத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் ஒன்று உண்டு. நம்ம நெய்வேலியில் எடுக்கிற அதே வகை நிலக்கரிதான். அங்கே கிடைத்த எலும்புகளுக்கு 2005-இல் கம்பேதெரியம் என்று பெயர் வைத்தார்கள். சுமார் 5 கோடியே 45 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பிராணி. குதிரை, காண்டாமிருகம் ஆகியவற்றின் முன்னோருக்கு மிக நெருங்கிய சொந்தம் அது.

நாம் இன்று விவரமாகப் பார்க்கப் போவது மாட்டின் பக்கத்துக் கதை. அதன் நாயகன் பெயர் இந்தோஹியஸ்.

காலாகோட்டுக் கற்கள்

ஜம்மு-காஷ்மீரில் ரஜௌரி மாவட்டத்தில் காலாகோட் என்று ஓர் ஊர். மலைப் பிரதேசம். அங்கே ஏ. ரங்கா ராவ் என்ற நம் நாட்டு நிலவியல் அறிஞர் பாறைகளைத் தேடிச் சேகரித்தார். அவற்றில் சில பற்களும் தாடை எலும்புத் துண்டுகளும் இருந்தன. அந்தப் பிராணிக்கு இந்தோஹியஸ் என்று பெயரிட்டு 1971-இல் வெளியிட்டார். இந்தியப் பன்றி என்பது அதன் பொருள். பெயரில்தான் பன்றி, உருவத்தில் அது ஏறக்குறைய பூனை அளவுள்ள, மெல்லிய கால்களும் நீண்ட வாலும் கொண்ட, சின்ன மான் போன்ற பிராணி. வாழ்ந்த காலம் சுமார் 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்.

அந்தக் காலத்தில் அங்கே இமயமலை இப்போதுள்ள மாதிரி எழும்பியிருக்கவில்லை. தெற்கேயிருந்து மெல்ல நகர்ந்து வந்த இந்திய நிலம் ஆசியக் கண்டத்தோடு மோதிக்கொண்டிருந்த சமயம் அது. இரண்டுக்கும் நடுவில் டெத்திஸ் என்று ஒரு கடல் இருந்தது. இன்று பனி பெய்கிற அந்த மலைப்பக்கத்தில் அன்று ஆறுகளும் கடற்கரையும் இருந்தன. நம்ம கழுவெளி மாதிரி நீர்ப்பரப்புகள் இருந்த பூமி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரங்கா ராவ் சேர்த்து வைத்த கற்களில் பல உடைத்துப் பார்க்கப்படாமலே அவர் வீட்டில் கிடந்தன. அவர் காலமான பின்னும் அவருடைய மனைவியார் அவற்றைத் தூக்கி எறிந்துவிடாமல் பாதுகாத்தார். பிற்பாடு அவற்றை அமெரிக்காவில் பணிபுரியும் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பார்ப்பதற்கு வெறும் கருங்கல். ஆனால் உள்ளே என்ன இருந்தது தெரியுமா?

காது சொன்ன சேதி

கல்லைச் செதுக்கிச் சுத்தம் செய்கிறபோது, உதவியாளர் கையில் ஒரு மண்டையோடு தவறுதலாக உடைந்துவிட்டது. உடைந்த இடத்தில் காது எலும்பு வெளியே தெரிந்தது. நடுக்காதைச் சுற்றி ஒரு சிப்பி போல மூடியிருக்கும் எலும்பு அது. அதன் உட்பக்க விளிம்பு மிகவும் தடித்திருந்தது. இப்படித் தடித்த காது எலும்பு அதுவரைக்கும் திமிங்கிலத்துக்கும் டால்பினுக்கும் மட்டுமே உண்டு என்று நினைத்திருந்தார்கள். தண்ணீருக்குள் சத்தம் கேட்க உதவுகிற அமைப்பு. அது குளம்புக்கால் உள்ள ஒரு சின்னப் பிராணியின் தலையில் எப்படி வந்தது?

தெவிசனும், நம் நாட்டு அறிஞர்களான சுனில் பாஜ்பாய், பி. என். திவாரி ஆகியோரும் மற்றவர்களும் சேர்ந்து ஆராய்ந்து 2007 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். திமிங்கில வம்சத்துக்கு மிக நெருங்கிய, தரையில் நடந்த பங்காளி இந்த இந்தோஹியஸ்தான் என்பது அவர்கள் முடிவு.

காது ஒன்றை மட்டும் வைத்து அவர்கள் இப்படிச் சொல்லவில்லை. இரண்டாவது சாட்சி, கால் எலும்பு. சாதாரணமாக ஆட்டுக்கால் எலும்பை உடைத்தால் சுவர் மெல்லியதாகவும் உள்ளே மஜ்ஜை நிறையவும் இருக்கும். இந்தோஹியஸின் எலும்புச் சுவர் மிகத் தடிமன். மஜ்ஜைக்கு இடம் குறைவு. நீர்யானைக்கும் எலும்பு இப்படித்தான் கனமானது. எதற்காக? மீன் வலையின் அடியில் ஈயக்குண்டு கட்டுகிறோமே, அதே காரணத்துக்குத்தான். கனமில்லாவிட்டால் உடம்பு மேலே மிதந்துவிடும், நீரின் அடியில் கால் பதித்து நடக்க முடியாது.

மூன்றாவது சாட்சி, பல். இது உப்பளத்துக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். தண்ணீரில் உள்ள பிராணவாயுவில் லேசானது, கனமானது என்று வகை உண்டு. பாத்தியில் நீர் வெயிலில் ஆவியாகும்போது லேசானது முந்திக்கொண்டு போகும். கனமானது அதிகமாகப் பின்தங்கும். செடியின் இலையிலும் இதுதான் நடக்கிறது. தரையில் இலை தழை தின்று வாழும் பிராணியின் பல்லில் கனமான வகை கொஞ்சம் கூடுதலாகப் பதிந்துவிடும். நீரிலேயே பெரும்பொழுது கிடக்கும் பிராணியின் பல்லில் அது குறைவாக இருக்கும். இந்தோஹியஸின் பல் நீரில் கிடந்த பிராணியின் பல் மாதிரி இருந்தது.

ஆக, அது தண்ணீரை விரும்பிய பிராணி. ஆனால் நீந்தி மீன் பிடித்துத் தின்னும் உடம்பு அதற்கு இல்லை. பின் எதற்காக நீருக்குள் போனது? ஆப்பிரிக்காவில் நீர்ச்சருகுமான் என்று ஒன்று இன்றும் இருக்கிறது. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இருக்கிற சருகுமானுக்குச் சொந்தம். கழுகோ வேறு எதிரியோ துரத்தினால் ஓடிப்போய் ஓடையில் குதித்து நீருக்கடியில் ஒளிந்துகொள்ளும். இந்தோஹியஸும் இப்படித்தான் பயந்து ஒளிய நீருக்குள் போயிருக்கலாம் என்று கருதுகிறார்கள். உயிருக்குப் பயந்து ஓடையில் இறங்கியது ஒரு குடும்பம். அதன் உறவுக்கிளை ஒன்று, காலப்போக்கில் சமுத்திரத்துக்கே போய்ச் சேர்ந்தது.

பாட்டன் அல்ல, பங்காளி

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். இந்தோஹியஸ் திமிங்கிலத்தின் நேர்ப் பாட்டன் அல்ல. ஏனென்றால், வடக்குப் பாகிஸ்தானில் கிடைத்து 1981-இல் பெயரிடப்பட்ட பாகிசீட்டஸ் என்ற நாலுகால் திமிங்கிலம், இந்த இந்தோஹியஸுக்கும் சற்று முந்தைய காலத்தது. பேரனுக்குப் பிறகு பாட்டன் பிறக்க முடியுமா? ஆகவே இரண்டும் ஒரே மூதாதையின் இரு கிளைகள், பங்காளிகள்.

2001-இல் இன்னொரு சாட்சியும் பாகிஸ்தானில் கிடைத்தது. ஆட்டின் பின்னங்கால் கணுவில் ஒரு சின்ன எலும்பு இருக்கும். இரண்டு முனையும் கிணற்று உருளை போலக் குழிந்திருக்கும். இரட்டைக் குளம்புக் குடும்பத்துக்கு மட்டுமே உள்ள முத்திரை அது. அதே எலும்பு பழங்காலத் திமிங்கிலங்களின் காலிலும் இருந்தது. இதற்கு முன்பே, 1990-களில், மரபணுவை ஆராய்ந்தவர்களும் இதையே சொல்லியிருந்தார்கள். இன்று உயிரோடு இருப்பவற்றில் திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் நீர்யானை. அதற்கு அடுத்த சுற்றில் மாடு, ஆடு, மான். பன்றியும் ஒட்டகமும் அதற்கும் வெளிச்சுற்று. அதாவது, நம்ம மாட்டுக்குப் பன்றியைவிடத் திமிங்கிலம் கிட்டத்து உறவு. கேட்டால் வேடிக்கையாக இருக்கிறது, ஆனால் உண்மை.

திமிங்கிலத்தைக் கவனித்தாலே சில அடையாளங்கள் தெரியும். மீன் வாலைப் பக்கவாட்டில் அசைக்கும். திமிங்கிலமும் டால்பினும் மேலும் கீழுமாக அசைக்கும். காளை நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது முதுகு மேலும் கீழும் வளைகிறதல்லவா, அதே அசைவு. மாட்டைப் போலவே திமிங்கிலத்துக்கும் இரைப்பை பல அறைகளாக இருக்கிறது, ஆனால் அசைபோடுவதில்லை. கன்று ஈனும், பால் கொடுக்கும். நம்ம சொசைட்டியில் கொழுப்புச் சத்து பார்த்துத்தானே பாலுக்கு விலை போடுகிறார்கள்? பசும்பாலில் கொழுப்பு 4 சதம் இருந்தால் நல்ல பால். நீலத் திமிங்கிலத்தின் பாலில் 30 சதத்துக்கும் மேல் இருக்கும். கருவில் இருக்கும்போது பின்னங்கால் மொட்டு கூட அரும்பிப் பிறகு மறைந்துவிடுகிறது.

இந்த இடத்தில் கடல்பசுவைப் பற்றி ஒரு வார்த்தை. பாக் நீரிணையில் ஆவுளியா என்று மீனவர்கள் சொல்கிற பிராணிதான் அது. கடல் புல்லை மேயும். அதற்காகவே தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-இல் தமிழ்நாடு அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. பெயரில் பசு இருந்தாலும் அது மாட்டுக்குச் சொந்தமில்லை, யானைக்குச் சொந்தம். பசு என்ற பெயரே இல்லாத திமிங்கிலம்தான் பசுவின் பங்காளி.

உப்புத் தண்ணீரும் நம்ம மாடும்

இப்போது நம்ம ஊர் சங்கதிக்கு வருவோம். நிலத்தில் இருந்த பிராணி கடலுக்குப் போவதென்றால் பெரிய தடை எது? அலையும் இல்லை, சுறாவும் இல்லை, உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. பழைய திமிங்கிலங்களின் பல்லை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட முடிவு என்னவென்றால், முதலில் வந்த திமிங்கிலங்கள் நல்ல தண்ணீரையே குடித்தன. கடற்கரையில் வாழ்ந்து, கால்நடையாகவும் நீந்தியும் திரிந்த ஆம்புலோசீட்டஸ் கூட நல்ல தண்ணீரைத்தான் தேடிப் போயிருக்கிறது. உப்பைத் தாங்கும் உடம்பு வருவதற்குப் பல லட்சம் ஆண்டு பிடித்தது. கடலோடு பழகிய பின்தான் அவை உலகமெங்கும் பரவின. நம் நாட்டில் அந்தக் கடல் திமிங்கிலங்களின் எலும்புகள் குஜராத்தின் கட்ச் பகுதியில் கிடைக்கின்றன. 1970-களில் அசோக் சாஹ்னி, மிஸ்ரா ஆகியோர் அவற்றை ஆராய்ந்து எழுதினார்கள். கட்சும் நம்ம மரக்காணம் மாதிரி உப்பு விளைகிற பூமிதான்.

நம்ம மாடு அந்தப் பயணம் போகவில்லை. அதன் உடம்பு இன்னும் நல்ல தண்ணீரைக் கேட்கிற உடம்பு. இதை மரக்காணம், கழுவெளி ஓரத்து விவசாயிகள் மறக்கக் கூடாது. கோடையில் ஏரி குட்டை வற்ற வற்ற மீதித் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். மாடு குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 3 கிராமுக்குள் உப்பு இருந்தால் கவலையில்லை. 5 கிராம் வரை போனால் பழகாத மாட்டுக்குக் கழிச்சல் வரலாம். 7 கிராமைத் தாண்டினால் சினை மாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் ஆகாது. 10 கிராமுக்கு மேல் எந்த மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது. நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுபோய்ப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மாடு தண்ணீர்த் தொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பினால், பால் திடீரென்று இறங்கினால், முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

பிளந்த குளம்புக்கு வரும் நோய்

இரட்டைப்படை, ஒற்றைப்படைக் கணக்கு நம்ம தொழுவத்துக்குள் வந்து நிற்கும் என்றேனே, அது கோமாரி நோய். காணை என்றும் சொல்வோம். மாடு, எருமை, ஆடு, செம்மறி, பன்றி என்று பிளந்த குளம்புள்ள எல்லாவற்றையும் அது தாக்கும். பக்கத்திலேயே நிற்கிற கழுதையையும் குதிரையையும் தொடாது. குடும்பம் பார்த்து வருகிற நோய் அது.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. "மாட்டுக்குத்தானே கோமாரி, ஆட்டுக்கு என்ன?" என்று நினைத்து மாட்டை மட்டும் கவனித்தால் போதாது. ஆட்டுக்கு நோய்க்குறி லேசாகத் தெரியும். ஆனால் ஆட்டிலிருந்து மாட்டுக்கு ஒட்டிக்கொள்ளும். காய்ச்சல், வாயில் நூல் நூலாக எச்சில் ஒழுகுவது, நாக்கிலும் ஈறிலும் புண், குளம்புப் பிளவில் புண், நொண்டல், இவை தெரிந்தால் அந்த மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். சந்தைக்கு ஓட்டாதீர்கள். பொதுக்குட்டையில் தண்ணீர் காட்டாதீர்கள். தொழுவத்தை 4 சதச் சலவைச் சோடாக் கரைசலால், அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் கலந்து, கழுவுங்கள். கால்நடை மருத்துவருக்கு உடனே சொல்லி அனுப்புங்கள்.

2013-இல் தமிழ்நாட்டில் கோமாரி பரவி எத்தனை வீட்டில் தொழுவம் காலியானது என்பது உங்களுக்கே தெரியும். 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் மாட்டுக்கும் எருமைக்கும் தடுப்பூசி இலவசம். கன்றுக்கு 4 மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்தது, பிறகு 6 மாதத்துக்கு ஒரு முறை. ஊசி போட்டால் இரண்டு நாள் பால் கொஞ்சம் குறையலாம். அதற்குப் பயந்து மாட்டை ஒளித்து வைத்தால் நோய் வந்து மாதக்கணக்கில் பால் போகும். ஊரில் பத்து வீடு விட்டுப்போனாலும் அந்தப் பத்து வீட்டு வழியாக நோய் நுழைந்துவிடும்.

கல்லை உடைக்குமுன்

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரங்கா ராவின் கற்களை அந்த அம்மாள் வாசலில் கொட்டியிருந்தால் இந்தக் கதை நமக்குத் தெரிந்தே இருக்காது. நம்ம வட்டாரமும் அப்படிப்பட்ட பூமிதான். மரக்காணத்திலிருந்து மேற்கே போனால் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்கள் கிடக்கின்றன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அவற்றைப் பாதுகாக்கிறது. வழுதாவூர்ப் பக்கத்தில் நத்தை போலச் சுருண்ட கடல் பிராணிகளின் கல் ஓடுகள் கிடைத்தன; அவற்றைப் பற்றி 1846-லேயே லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் எழுதியிருக்கிறார். வடக்கே கொசத்தலை ஆற்றங்கரையில் அத்திரம்பாக்கத்தில் ஆதிமனிதனின் கற்கருவிகளோடு எருமை, குதிரை இனப் பற்களும் அகப்பட்டன.

கிணறு வெட்டும்போது, குளம் தூர் வாரும்போது, செங்கல் சூளைக்கு மண் எடுக்கும்போது கல்லாய்ப் போன எலும்போ பல்லோ ஓடோ தென்பட்டால், உடைக்காதீர்கள், கழுவாதீர்கள், விலைக்குக் கொடுக்காதீர்கள். எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்று எழுதி வையுங்கள். கையில் செல்போன் இருந்தால் இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடமோ அரசு அருங்காட்சியகத்திலோ தெரிவியுங்கள்.

அதே மாதிரி, கரையில் டால்பினோ திமிங்கிலமோ ஒதுங்கினால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் போடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அது மீன் அல்ல, மாட்டைப் போல நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி. தலைக்கு மேல் உள்ள மூச்சுத் துவாரத்தில் தண்ணீரும் மணலும் போகாமல் பார்த்துக்கொண்டு, உடம்பை ஈரத் துணியால் மூடி வையுங்கள். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு கரையில் எண்பதுக்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் அவற்றைக் கடலுக்குள் தள்ளித் தள்ளி விட்டார்கள். பல திரும்பவும் கரைக்கே வந்து உயிரை விட்டன.

இந்த வாரம் செய்ய வேண்டியவை மூன்று: மாடு குடிக்கும் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள், தடுப்பூசித் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், ஆட்டுக்கும் ஊசி உண்டா என்று கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள்.